அட்டைக்குப் பின்னால் ஒரு சிட்டிகை சாம்பல்

1

தைவானுக்கு நான் வந்து எட்டு வருடம் முடிந்த வாரம் அது. செவ்வாய்க்கிழமை, வசிப்பிட அட்டையைப் புதுப்பிக்கக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிருந்தேன். காலை பத்தரை மணிக்கு என் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் என் விண்ணப்பத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். இந்த ஊரில் மனிதனென்றால் குடும்பப் பெயர் இருந்தாக வேண்டும். எனக்கு இருப்பது தினகரன் என்ற பெயரும் அதற்கு முன்னால் ஒரு ‘ஏ’வும்தான். அந்த ‘ஏ’வை விரித்து ஏகாம்பரம் என்று எட்டு வருடத்துக்கு முன்னால் கட்டத்தில் எழுதினேன். அன்றிலிருந்து வேலையில் எல்லோருக்கும் நான் ‘ஏகா’. ஏகாம்பரம் என் நைனாவின் பெயர். மந்தைவெளி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற மனிதருக்கு, கடல் தாண்டிச் சீன வாய்கள் தினமும் தன் பெயரைக் கூப்பிடுவது தெரியாது.

“கம்பெனி அட்டையையும் கொடுங்கள், நகல் எடுக்க வேண்டும்” என்றாள்.

கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை உருவினேன். முன்பக்கம் கண்ணாடி மாதிரியும் பின்பக்கம் வெள்ளையாக மூடியும் இருக்கிற உறை. ஊரிலிருந்து திரும்பிய பிறகு அட்டையை வெளியே எடுத்ததே இல்லை. அட்டையோடு ஒரு மடித்த காகிதமும் வழுக்கி வந்து கவுண்டரில் விழுந்து விரிந்தது. தினசரி நாட்காட்டியின் தாள். அதிலிருந்து வெளுத்த தூள் விண்ணப்பத்தின் மேலும் மேசையின் மேலும் கொட்டியது.

அரசாங்க அலுவலகத்தில், வெளிநாட்டுக்காரன், வெள்ளைத் தூள். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்களின் பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பெண் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“இது என்ன?”

‘ஹுய்’ என்று சொன்னேன். குரலை உயரத்தில் வைத்து ஒரே மட்டத்தில் நீட்டினால் அது சாம்பல். கேள்வி கேட்கிற மாதிரி மேலே ஏற்றினால் திரும்பிப் போவது. பயந்தவன் குரல் எப்போதுமே மேலேதான் ஏறும்.

“திரும்பிப் போகிறீர்களா? அப்படியானால் புதுப்பிக்க வேண்டாமே” என்று விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

வேறு வழி தெரியாமல், மேசையில் கிடந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. “ஓ, கோயிலா!” என்று சிரித்தாள். ஈரத் துணியால் மேசையைத் துடைத்து, கறை படாத புது விண்ணப்பம் கொடுத்து, கடைசியில் ரசீதும் தந்தாள். பின்னால் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. நாட்காட்டித் தாளின் மடிப்பு தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. உறையின் கீழ் விளிம்பில், அட்டை நுழைகிற இடுக்கு முழுக்க, அந்தத் தூள் வரிசையாக ஒட்டியிருந்தது. ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

2

ஏன் உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டுமென்றால் என் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சிப் செய்கிற தொழிற்சாலை. பெயர் வேண்டாம். வட்டமான சிலிக்கான் தகட்டின் மேல் படலம் படலமாகப் பூச்சு ஏற்றி, அதில் கோடு வெட்டி, மறுபடி பூசி, மறுபடி வெட்டி, மாதக்கணக்கில் வேலை நடக்கும். பூச்சு ஏற்றுகிற இயந்திரங்களில் ஒன்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்தப் பூச்சு சில அணுக்கள் கனம்தான். இப்போது எங்கள் கூடத்தில் ஓடுவது ‘இரண்டு நானோமீட்டர்’ சிப். உங்கள் விரல் நகம் ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளர்கிறது. இதைப் படிக்க நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் எங்கள் உலகம் பல தடவை முடிந்துவிட்டது.

நான் சேர்ந்த காலத்தில் அளவுகள் இதைவிடப் பெரியவை. அப்போதும் தூசி எதிரிதான், ஆனால் எதிரியோடு ஏதோ ஒரு சமாதானம் இருந்தது. சிப் சின்னதாக ஆக ஆக மன்னிப்பும் சின்னதாகிக்கொண்டே வந்தது. உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு, முகமூடி, இரண்டு கையுறை, தூசியை ஊதித் தள்ளும் காற்றுக் குளியல். அட்டை மட்டும் உடுப்புக்கு வெளியே தொங்கும். சாதாரணக் காகிதம் கூடாது, நார் உதிரும். பவுடர், மை, சென்ட் எதுவும் கூடாது. எல்லாவற்றையும்விட மோசம் சோடியமும் பொட்டாசியமும். கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே போனாலும், சிப்பின் காப்புப் படலத்துக்குள் ஊர்ந்து திரிந்து, மூடியிருக்க வேண்டிய கதவைத் திறந்து, திறக்க வேண்டியதை மூடிவிடும்.

ஊரிலிருந்து நான் திரும்பிய சில நாட்களில் என் இயந்திரத்தின் மாதாந்திரப் பராமரிப்பு வந்தது. வயிற்றைத் திறந்து, குனிந்து, உள்ளே துடைத்து, மூடினோம். நானும் மரிசெலும். மரிசெல் பிலிப்பைன்ஸ் பெண், ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளர். என்னைவிடச் சுத்தமான கை. மூடிய பிறகு அந்த இயந்திரத்தில் ஓடிய தகடுகள் எல்லாம் தப்பாக வந்தன. மாதக்கணக்கில் வளர்ந்த தகடுகள், குப்பை. இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஆய்வகத்திலிருந்து விடை வந்தது: பொட்டாசியம், கால்சியம்.

“யாரோ எதையோ பூசிக்கொண்டு வந்திருக்கிறார்கள்” என்றார் எங்கள் மேலாளர் லின்.

முன்பு ஒரு தடவை முகப் பவுடரோடு வந்ததற்காக மரிசெலுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அவ்வளவு போதும். அவளைக் கூடத்திலிருந்து எடுத்து, பயிற்சி அறையில் விதிமுறைப் புத்தகத்தோடு உட்கார வைத்தார்கள். அவளுடைய ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். எனக்கும் ஒரு கேள்வித்தாள் வந்தது. அழகுப் பொருள்? இல்லை. உணவு? இல்லை. அனுமதிக்கப்படாத வேறு பொருள்? இல்லை. மூன்றிலும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். போட்டபோது அது உண்மை என்றுதான் நம்பினேன்.

சாணத்தைச் சுட்டால் கிடைக்கிற சாம்பலில் என்னென்ன இருக்கும் என்று எவனையும் கேட்கத் தேவையில்லை. குடியேற்ற அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் தேடினேன். பொட்டாசியம். கால்சியம்.

3

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது நைனாவும் நானும் மந்தைவெளியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீடு முன்பு ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாய் ஓரம் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே மாடிக் குடியிருப்பில் வைத்த பிறகும், நைனா விடிந்ததும் வண்டியை உருட்டிக்கொண்டு பழைய ஸ்டாண்டுக்குத்தான் வருகிறார். சவாரி இங்கேதான் இருக்கிறது என்பார். சிநேகிதர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்பதே நிஜம்.

“இப்ப இன்னாடா சைஸு ஓடுது?” என்று கேட்டார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

“ரெண்டு நானோமீட்டர், நைனா.”

“நைனா மீட்டரா?” பக்கத்தில் இருந்த டிரைவரைப் பார்த்துக் கண்ணடித்தார். “பாத்தியா, நம்ம பேர்ல மீட்டர் வெச்சிக்கிறாங்கோ.”

“ஆனா எதை அளந்தாலும் ரெண்டு வராது நைனா. அது சும்மா ஒரு பேரு. போன தபா மூணு, இந்த தபா ரெண்டுன்னு இறக்கிக்கினே வராங்க.”

நைனா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அப்ப மீட்டர்ல காட்றது ஒண்ணு, ஓட்றது ஒண்ணா? த்தோ, இதுக்கா நீ பிளேன் ஏறிப் போனே? இங்கியே கத்துக்கினு இருக்கலாமே!”

ஸ்டாண்டே சிரித்தது. அவ்வளவு சிரித்த ஒரு காலை எனக்கு இந்த எட்டு வருடத்தில் வேறு இல்லை.

அம்மாவின் கேள்வி வேறு மாதிரி. அம்மா ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்குமாடிகளில் பெருக்கித் துடைத்து என்னைப் படிக்க வைத்தவள். என் வேலையிடத்தின் படத்தைக் காட்டினேன்.

“தூசியே இல்லாத வூடா? அப்ப பெருக்கறவளுக்கு அங்க இன்னா வேலை?”

“பெருக்கற வேலைதாம்மா அங்க பெரிய வேலையே.”

அவளுக்கு அதில் பெருமை. அட்டையைக் கையில் வாங்கி என் போட்டோவைத் தடவிப் பார்த்தாள். “இது எந்நேரமும் உன் மேல கீதா?”

“இது இல்லாம உள்ளயே வுட மாட்டாங்க. நெஞ்சுலயே தொங்கிக்கினு இருக்கும்” என்று சொன்னவன் நான்தான்.

கிளம்புகிற அன்று காலை மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிற அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். தைவானில் அடிக்கடி பூமி ஆடுகிறது, கடலுக்கு அந்தப் பக்கம் சண்டைக் கப்பல் நிற்கிறது என்று யாரோ டிவியில் பார்த்துச் சொல்லி அவளைக் கலக்கியிருந்தார்கள். பூசாரி தந்த துன்னூறை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். வீட்டில் என் பெட்டியை அவள்தான் அடுக்கினாள். அட்டையும் பெட்டியின் மேல்தான் கிடந்தது.

படிக்கட்டில் இருந்தபடியே அவளுக்குப் போன் போட்டேன். “அம்மா, என் அட்டைல ஏதாவது வெச்சியா?”

“ஆமா, வெச்சேன். பர்ஸுல வெச்சா தூக்கிப் போட்டுருவே. பையில வெச்சா மறந்துருவே. நெஞ்சுல தொங்கிக்கினு இருக்கும்னு நீதான சொன்னே? இன்னாத்துக்குக் கேக்கறே, பேஜாராயிடுச்சா?”

“இல்லம்மா, சும்மாதான்” என்றேன்.

4

மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பயம் என்றால் என்ன என்று அந்த மூன்று நாளில்தான் தெரிந்தது. ஆற்றில் வெள்ளம் வந்து மழையில் ஓடிய வருடங்களில்கூட இப்படி இல்லை. அங்கே தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழுவினேன். கழுவிய பிறகுதான் தடயத்தை அழித்துவிட்டேன் என்று உறைத்தது. நாட்காட்டித் தாளையும் மிச்சமிருந்த சாம்பலையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன். தாளில் ராசிபலன் இருந்தது. மேஷம் நன்மை, ரிஷபம் செலவு. என் ராசி இருந்த இடம் மடிப்பில் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது.

என் மனைவி கலா திருவல்லிக்கேணிக்காரி. முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். “வாயைத் தொறக்காதே. வேலை போச்சுன்னா இங்க தங்கற சீட்டும் போச்சு. சஞ்சுவ இன்னா பண்ணுவே? அவளுக்குத் தமிழ்ல அவ பேரு எழுதத் தெரியுமா? அங்க எந்த ஸ்கூல்ல போய் உக்காருவா?”

அவள் சொன்னது அத்தனையும் சரி. சஞ்சனாவுக்கு ஒன்பது வயது. எங்களோடு தமிழில் தொடங்குகிற வாக்கியம் பாதியில் சீனத்துக்குள் இறங்கிவிடும். கனவில் உளறுவதும் சீனத்தில்தான்.

மறுநாள் பயிற்சி அறை வழியாகப் போனபோது மரிசெல் வெளியே வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து உரிந்திருந்தது.

“தினமும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். நான் பவுடர் போடவில்லை, ஏகா. அன்றைக்கு நீ என் பக்கத்தில்தானே இருந்தாய்? நீயே சொல்லேன் அவர்களிடம்.”

“சொல்கிறேன்” என்றேன். சொல்லவில்லை. லின் தாழ்வாரத்தில் அவளைப் பார்த்த பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அடுக்குமாடியில் எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அம்மாவின் கூடையைத்தான் பார்ப்பார்கள். அம்மா கூடையைத் தானே கவிழ்த்துக் காட்டிவிட்டு நிற்பாள். அப்போது பக்கத்தில் நின்ற எனக்குக் காது சுடும். இப்போதும் சுட்டது, ஆனால் இந்தத் தடவை பொருள் என்னிடம் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சஞ்சனா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சஞ்சு, சாம்பல்னு எப்படிச் சொல்லணும்? ஹுய்?”

“அப்பா, அது திரும்பிப் போறது. மேல ஏத்தாத. நேரா.” கையை நேர்கோடாக இழுத்துக் காட்டினாள். “ஹுய்.”

“ஹுய்.”

“இல்ல. நீ கேள்வி கேக்கற.”

பத்துப் பன்னிரண்டு தடவை சொல்ல வைத்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “எந்த சாம்பல்?” என்று கேட்டாள்.

“கோயில் சாம்பல். ஆயா குடுத்தது.”

“அதுக்கு வேற சொல் இருக்கு. ஷியாங்ஹுய். எங்க மிஸ் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனப்ப குடுத்தாங்களே. அதைச் சொன்னா யாருக்கும் தப்பாப் புரியாது.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “அப்பா, நாம திரும்பிப் போறோமா?”

“தெரியல கண்ணு” என்றேன். சமையலறையில் கலாவின் கை நின்றது.

5

வெள்ளிக்கிழமை காலை டப்பாவோடு லின்னின் அறைக்குப் போனேன். அறைக்கு வெளியே இருந்த கணினி அலமாரியின் மேல் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று இருந்தது. இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று இந்த ஊரில் எல்லா இடத்திலும் அப்படி வைப்பார்கள். எட்டு வருடமாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான்.

டப்பாவைத் திறந்து அவர் மேசையில் வைத்தேன். “ஷியாங்ஹுய். என்னுடையது. என் அட்டைக்குப் பின்னால் இருந்தது. எனக்கே செவ்வாய்க்கிழமைதான் தெரியும். மரிசெல் எதுவும் செய்யவில்லை.”

குரல் மேலே ஏறவில்லை. சஞ்சு கையை இழுத்த மாதிரி நேராகத்தான் வந்தது.

லின் டப்பாவைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தார். “யார் வைத்தது?”

“அம்மா.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து கார்ச் சாவியை எடுத்தார். சாவிக்கொத்தில் சின்னதாக ஒரு சிவப்புத் துணிப்பை, கயிற்றால் கட்டியது. அதைப் பிதுக்கிக் காட்டினார். உள்ளே நெறுநெறுவென்று ஏதோ நகர்ந்தது.

“என் அம்மா கொடுத்தது. இதே சாம்பல்தான்.” சாவியைத் திரும்ப உள்ளே வைத்தார். “நான் காரிலேயே விட்டுவிட்டு வருவேன், ஏகா.”

அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். கூடத்துக்குள் நுழைந்த பொருளைப் பற்றிய படிவம். பொருளின் பெயர். எதனால் ஆனது. தயாரித்தவர். பயன்பாடு.

பெயர் எழுதினேன். எதனால் ஆனது என்பதில் பசுஞ்சாணம் என்று எழுதக் கை கூசியது, எழுதினேன். தயாரித்தவர் என்பதை விட்டுவிட்டேன். பயன்பாடு என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கிருமிநாசினியா, மசகு எண்ணெயா என்று கேட்கிற கட்டம் அது. ‘பயம் வராமல் இருக்க’ என்று எழுதினேன். லின் படித்துப் பார்த்தார். திருத்தச் சொல்லவில்லை.

டப்பாவை ஒரு ஒளிபுகும் பையில் போட்டு, முத்திரை ஒட்டி, எண் எழுதி, சுவரில் இருந்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். என் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். குழு கூடி முடிவு சொல்லும்வரை நான் கூடத்துக்குள் போகக் கூடாது. எப்போது கூடும் என்று கேட்டேன். தெரியாது என்றார்கள்.

அன்று மதியமே மரிசெலை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். உடுப்பு மாற்றுகிற அறை வாசலில் நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று அசட்டுத்தனமாக நினைத்துவிட்டேன்.

“செவ்வாய்க்கிழமையே தெரியுமாமே” என்றாள். “இன்றைக்கு வெள்ளி.”

முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

6

இதை எழுதுகிற இன்று ஞாயிற்றுக்கிழமை. குழு இன்னும் கூடவில்லை. வேலை நேரத்தில் பயிற்சி அறையில் இப்போது நான்தான் உட்காருகிறேன், மரிசெல் புரட்டிய அதே விதிமுறைப் புத்தகத்தோடு. வசிப்பிட அட்டைக்குப் பதிலாக ரசீது மட்டும் கையில் இருக்கிறது. வேலை போனால் அந்த ரசீதுக்கு என்ன மதிப்பு என்று ரசீதிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. படித்துக் காட்டியவள் சஞ்சனா. பூமி ஆடுமோ, கப்பல் வருமோ என்று ஊரில் எல்லோரும் எனக்காகப் பயப்படுகிறார்கள். என்னைக் கவிழ்க்க ஒரு சிட்டிகை போதும் என்று நான் யாரிடம் சொல்வது? பயமாக இருக்கிறது. வேறு மாதிரி அலங்கரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காலையில் அம்மா கூப்பிட்டாள். நைனா ஸ்டாண்டுக்குப் போய்விட்டாராம். சஞ்சு எங்கே, கலா எங்கே, நாஷ்டா துன்னியா என்று எல்லாம் கேட்டாள். நான் பேசுகிற தினுசிலேயே அவளுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும்.

“இன்னாடா, குரலே ஒரு மாதிரி கீது? பயந்துக்கினு கீறியா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா.”

“நான் குட்த்த துன்னூறு கீதா, தொலைச்சிட்டியா?”

“கீதும்மா. பத்திரமா கீது.”

“பத்திரமான்னா?”

“இரும்புப் பெட்டில வெச்சுப் பூட்டிக்கிறாங்க. மேல நம்பர்லாம் போட்டு, ஆபீசுல.”

அம்மாவின் குரல் சந்தோஷத்தில் துள்ளி வந்தது.

“அம்மாடி! அவ்ளோ மருவாதியாவா வெச்சிக்கிறாங்கோ? அப்பால இன்னாடா பயம் உனுக்கு?”